பின்பக்கத்து ஓடுகள்

நெய்வேலி டவுன்ஷிப் பிள்ளைகளிடம் மணிமொழி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மாடல் மணியக்கா என்றால் கடையைக் கைகாட்டுவார்கள். மெயின் பஜாரில் மீரான் மைதீன் நடத்திவந்த ஸ்டேஷனரி கடையின் ஓரத்தில் ஒரு மேசை போட்டுக்கொண்டு, எரிமலை, இதயம், அனல்மின் நிலையம் என்று ப்ராஜெக்டுக்கு யார் எதைக் கேட்டாலும் அட்டையிலும் தெர்மாக்கோலிலும் செய்து கொடுப்பாள். கை அவ்வளவு சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். "டீச்சர் கேட்டா நானே செஞ்சேன்னு சொல்லு. மாட்டிக்கினா என் பேர இழுக்காத" என்று சொல்லித்தான் ஒவ்வொரு பிள்ளையையும் அனுப்புவாள்.

வயது முப்பத்தைந்தைத் தொட்டிருந்தது. கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், எடுத்தவர் வீட்டு விவகாரத்தை இழுத்து அவர் வாயை அடைத்துவிடுவாள். மந்தாரக்குப்பத்தில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். தினமும் பஸ்ஸில் வந்து போவாள்.

2015ஆம் வருடக் கோடையில் ஒருநாள், இனியன் என்ற இளைஞன் ஷூ பெட்டி ஒன்றைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு கடைக்கு வந்தான். பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் இரண்டு தீப்பெட்டிகளைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு வீடு. சுவர், கதவு, ஜன்னல் கம்பி எல்லாம் இருந்தன. கூரை மட்டும் இல்லை.

"ஜெர்மனியில வேலை பார்க்கிறேங்க்கா. பெரிய லீவு போட்டு வந்திருக்கேன். அங்க பொம்மை ரயில் ஓட்றது பெரிய ஹாபி. தண்டவாளம், ஸ்டேஷன், ஊரு எல்லாமே நிஜத்தவிட எண்பத்தேழு மடங்கு சின்னதா செய்வாங்க. நானும் பழகிட்டேன். இப்ப எங்க பழைய ஊரையும், அது ஓரமா ஓடின மீட்டர் கேஜ் ரயிலையும் செஞ்சுகிட்டிருக்கேன். வீடெல்லாம் நானே செஞ்சுட்டேன். ஓட்டுக் கூரைதான் வரல. அங்கிருந்து பிளாஸ்டிக் ஓடு வாங்கிட்டு வந்தேன். வெச்சுப் பார்த்தா நம்மூர் வீடு மாதிரியே இல்ல."

அவன் காட்டிய பிளாஸ்டிக் துண்டை மணிமொழி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இருக்காது தம்பி. இதுல எல்லா ஓடும் ஒரே நாள்ல பொறந்த மாதிரி இருக்குது. நம்ம கூரையில ஒண்ணு கெழவனா இருக்கும், ஒண்ணு கொழந்தையா இருக்கும். எந்த ஊரு?"

"ஆலங்கொல்லை. மைன்ஸ்ல போயிடுச்சு. அப்பாவுக்கு ஆவணியில அறுபதாம் கல்யாணம். அவருக்குத் தெரியாம, ஒரு ஃப்ரெண்டோட குவார்ட்டர்ஸ்ல வெச்சு செய்றேன். ஊர்க்காரங்க எல்லாரும் வருவாங்க. அப்பாவ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஊரைக் காலி பண்ணிட்டு வந்தவங்களுக்கு ஒரு சங்கம் இருக்குல்ல, அதுக்குத் தலைவர். ராஜாங்கம்."

மணிமொழியின் கையிலிருந்த கத்தரிக்கோல் அட்டையின் நடுவில் நின்றது. அவளும் ஆலங்கொல்லையில் பிறந்தவள்தான். ராஜாங்கத்தின் தெருவேதான். அதை அவள் சொல்லவில்லை. "பேரு கேள்விப்பட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஊர் போய்விட்டதே என்று ஏங்குகிறவள் அல்ல அவள். சேறும் சண்டையுமாய் இருந்த தெரு அது. அங்கே அவளுக்கென்று இருந்தது ஓர் அம்மா, அந்த அம்மா கட்டிய வீடு, அவ்வளவுதான்.

அம்மா விருத்தாம்பாள் ரயில்பாதை ஓரத்து ரைஸ்மில்லில் நெல் அவித்துக் காயப்போடுகிறவள். ரயிலில் போகிறவர்கள் படிக்கட்டும் என்று மில்காரர் கூரை நெடுகத் தன் மில்லின் பெயரை ஆளுயர வெள்ளை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். மில் நொடித்து அதைப் பிரித்தபோது, விருத்தாம்பாள் அவர் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டு அந்தச் சீமை ஓடுகளை வாங்கினாள். தலைச்சுமையாகச் சுமந்து வந்து கீற்றுக் கொட்டகையை ஓட்டு வீடாக்கினாள். ஓடு வேய்ந்தவனுக்கும் எழுத்துத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அதனால் பெயர் கலைந்து, ஓர் ஓட்டில் சுழி, ஒன்றில் கொம்பு, ஒன்றில் வெறும் புள்ளி என்று கூரையெங்கும் வெள்ளை வெள்ளையாய்ச் சிதறிப்போனது. "விருத்தாம்பா வூட்டு கூரையப் படிச்சிட்டா கலெக்டராயிடலாம்" என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

சுரங்கம் ஊரை நோக்கி வந்த வருடம் விருத்தாம்பாளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. கடலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து படுத்திருந்தாள். பதினைந்து வயது மணிமொழி கூடவே இருந்தாள். தெருவில் பாதிப்பேர் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார்கள். ஐப்பசி மழையில் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது கூரையில் ஓர் ஓடு இல்லை. மண்சுவர்கள் நனைந்து இடுப்பளவுக்குக் கரைந்து கிடந்தன. வீடுகளைக் கணக்கெடுக்கிறவர்கள் வந்துபோயிருந்தார்கள். அந்த இடத்தில் வீடு என்று எதுவும் இல்லாததால் மாற்று மனையும் இல்லை என்றாகிவிட்டது.

அப்போது மேஸ்திரியாக இருந்த ராஜாங்கம் குடை பிடித்துக்கொண்டு வந்தான். "கொரங்குக் கூட்டம் பிரிச்சிப் போட்டுடுச்சிக்கா. ஒடஞ்சது போக மிச்சத்த எவனெவனோ தூக்கிகினு போயிட்டான். நான் ஒருத்தன் என்னா பண்ணுவேன்?" என்றான். போகும்போது ஒரு பழைய படுதாவைக் கொடுத்துவிட்டுப் போனான். விருத்தாம்பாள் மழையில் நின்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். "நீ நல்லாருப்ப தம்பி. ஒன் புள்ள சீமைக்குப் போயி சம்பாதிக்கும்" என்றாள். மந்தாரக்குப்பத்துக் குடிசையில் கிடந்து சாகும்வரை, படுதா கொடுத்த மகராசன் என்றுதான் அவனைச் சொல்வாள்.

மணிமொழிக்கு அந்தக் குரங்குக் கதையில் அன்றைக்கே நம்பிக்கையில்லை. ஆனால் கையில் எதுவும் இல்லாமல் யாரை என்ன கேட்பது?

அவள் இனியனின் வேலையை ஒத்துக்கொண்டாள்.

முதலில் டிராயிங் நோட்டின் பின்னட்டையை எடுத்து, மை தீர்ந்த ரீஃபிலால் அழுத்திக் கோடிழுத்தாள். ஓர் ஓடு எள்ளைவிடப் பெரிது, அரிசியைவிடச் சிறிது. பட்டை பட்டையாக நறுக்கி, கீழ்விளிம்பை ஓட்டுக்கு ஓடு கொறித்து, தாழ்வாரத்திலிருந்து முகடு நோக்கி ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறுகிற மாதிரி ஒட்டினாள். பார்க்க ஓட்டுக் கூரைதான். ஆனால் சீப்பு மாதிரி ஒழுங்காக இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. குள்ளஞ்சாவடிப் பக்கம் மிச்சமிருந்த ஓட்டு வீடுகளைத் தேடிப் போய் வெயிலில் நின்று பார்த்தாள். "யாருமா நீ, என் வூட்டையே மொறைக்கிற?" என்று ஒரு வீட்டுக்காரர் சத்தம் போட்டார். "கூரைய வெலைக்கா கேட்டேன்? பார்த்துட்டுப் போறேன்" என்றாள்.

அங்கே கண்டுகொண்டது நிறைய. முகடு நேராக நிற்பதில்லை, மரம் தளர்ந்து நடுவில் லேசாகக் குழியும். அடுப்படிக்கு மேலே கரி. தாழ்வாரத்து வரிசை எப்போதும் கறுப்பு. பூனை நடக்கிற தடத்தில் ஒன்றிரண்டு ஓடு நழுவியிருக்கும். திரும்பி வந்து முகட்டுச் சட்டத்தை ஒரு நூலளவு வளைத்தாள். செங்கல்பொடியைப் பசையில் குழைத்து, டீ டிகாஷன், சாம்பல், வீட்டு ஜன்னலில் தினமும் படிகிற நிலக்கரித் தூசி எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொரு ஓட்டுக்கும் வேறுவேறு சிவப்பாகத் தொட்டுவைத்தாள். சுண்ணாம்புக் காரை பூசிய மாதிரி முகட்டு ஓட்டின் இடுக்கில் வெள்ளை இழுத்தாள்.

இனியன் அதைக் கையில் வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தான். "மழை பெஞ்சா ஒழுகும் போலிருக்குக்கா" என்றான்.

"ஒழுகும். அதான் கூரை" என்றாள் மணிமொழி. அவளுக்கு அவனைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அது அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

கடைசியாகச் செய்யவேண்டியது அவனுடைய சொந்த வீடு. அதற்காக டேப்லெட்டில் பழைய படங்களைக் கொண்டுவந்து காட்டினான். வீட்டின் முகப்பு, கிணறு, அம்மா புஷ்பவல்லி தண்ணீர் எடுப்பது. பிறகு ஒரு படம். நாலைந்து வயது இனியன் சைக்கிள் டயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை.

"இது மாட்டுக் கொட்டாய்க்கா. கணக்கெடுக்க வர்றப்ப இதையும் வீடுன்னு காட்டணும்னு அவசரமா ஓடு போட்டாங்களாம். முந்திரிக்கொல்லைப் பக்கமா நின்னு எடுத்த போட்டோ. அப்பா சிரிச்சிகிட்டே சொல்வாரு."

மணிமொழி இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். சிறுவனின் தலைக்கு மேலே, கொட்டகையின் பின்பக்கத்துச் சரிவில், ஒரு வெள்ளைச் சுழி. தள்ளி ஒரு கொம்பு. அதற்கும் கீழே, தனியாக, ஒரு புள்ளி.

முன்பக்கத்தைக் காட்டும் படம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. முன்சரிவில் ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லை. பொறுக்கிப் பொறுக்கி, எழுத்து விழுந்த ஓடுகளையெல்லாம் ராஜாங்கம் கொல்லைப் பக்கம் பார்க்க வைத்திருக்கிறான். ஊரில் யார் கண்ணிலும் படாமல்.

"இந்தப் போட்டோவ எனக்கு அனுப்பு தம்பி. கூரை சரியா வரணும்னா இது வேணும்" என்றாள்.

பஸ்ஸில் போகும்போது அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்து இறங்கும்போது தாடை வலித்தது. ஓட்டைத் திருடியதைவிட, அம்மாவின் கும்பிடை நின்று வாங்கிக்கொண்டானே, அதுதான் அவளை அறுத்தது. அந்த வாழ்த்தைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு, ஓடுகளையும் வைத்துக்கொண்டு, கணக்கெடுக்க வந்தவர்களிடம் அவள் வீட்டைக் குட்டிச்சுவர் என்று காட்டியவனும் அவனாகத்தானே இருக்கவேண்டும்?

அது மறுநாளே உறுதியானது. நண்பனின் குவார்ட்டர்ஸில் இனியன் வீடுகளை அடுக்கியிருந்த ஊர்ப்பலகையில் கிழக்கோரம் ஓரிடம் வெறுமையாக இருந்தது. "இங்க என்னா தம்பி?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

"அங்க வீடில்லக்கா. அப்பாகிட்ட பேச்சுவாக்குல கேட்டேன். குட்டிச்சுவர்தான் இருந்துச்சாம். ஆளில்லாத இடம்னு கணக்கெடுக்க வந்தவங்ககிட்டகூட அவர்தான் சொன்னாராம்."

"அப்ப அந்தக் குட்டிச்சுவரையும் வெச்சிடலாம். ஊர்னா அதுவுந்தான இருக்கும்."

"கரெக்ட்க்கா" என்று இனியன் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

மீரான் மைதீன் பத்து வருடமாக அவளைப் பார்க்கிறவர். அவள் பேசாமல் வேலை செய்தால் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரியும். இழுத்து வைத்துக் கேட்டார். சொன்னாள்.

"நேரா போயி கேளு. நானும் வர்றேன்" என்றார்.

"கேட்டா கொரங்குன்னுவான் பாய். இப்ப அவன் தலைவர். நான் அட்ட வெட்றவ."

"சரி. ஆனா அந்தப் பையன் என்னம்மா பாவம் பண்ணான்? ஆசை ஆசையா செய்யுது அப்பனுக்காக."

"எங்கம்மா என்னா பாவம் பண்ணுச்சு?"

அவர் எழுந்துபோய் டீ வாங்கிவந்து அவள் மேசையில் வைத்தார். அன்று முழுக்க அதை அவள் தொடவில்லை.

கொட்டகைக் கூரைக்கு அவள் எடுத்துக்கொண்ட நாள்கள் மற்ற எல்லாக் கூரைக்கும் சேர்த்து எடுத்ததைவிட அதிகம். படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஊசிமுனையில் வெள்ளை தொட்டு, எந்த வரிசையில் எந்த ஓட்டில் எந்தக் கோடு இருந்ததோ அந்தந்த ஓட்டில் வைத்தாள். சுழியின் பாதி அடுத்த ஓட்டுக்குப் போகாமல் அறுபட்டு நிற்பதைக்கூட விடவில்லை. கூடவே அம்மாவின் வீட்டையும் செய்தாள். களிமண்ணில் நான்கு சுவர் எழுப்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்து உண்மையாகவே கரையவிட்டாள். மேலே கைமரம் மட்டும், விலா எலும்பு மாதிரி. ஓடு கிடையாது. அந்த நாள்களில் அவளுக்கு நல்ல பசி எடுத்தது. யாராவது சிடுசிடுத்தால்கூடப் பதில் பேசாமல் சிரித்தாள்.

இனியனிடம் இரண்டு யோசனை சொன்னாள். வயசானவர்கள் பார்க்க வசதியாக மேசையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கட்டிவிடலாம். பக்கத்தில் ஒரு டிவி வைத்து அந்தப் பழைய படங்களையும் ஓடவிடலாம். "பொம்மையையும் போட்டோவையும் ஒத்துப் பார்ப்பாங்க. ஒனக்குத்தான் பேரு." அவன் இரண்டுக்கும் ஒத்துக்கொண்டான். அவளை நன்றியோடு பார்த்தான். அந்தப் பார்வையை மட்டும் அவளால் நேருக்கு நேர் வாங்கமுடியவில்லை. தலையைக் குனிந்து பசை டப்பாவை மூடினாள்.

ஆவணி முகூர்த்த நாளில் குள்ளஞ்சாவடி ரோட்டில் இருந்த கல்யாண மண்டபம் நிறைந்து வழிந்தது. வாசலில் 'எங்கள் விடிவெள்ளியே' என்று ராஜாங்கம் கும்பிடுகிற ஃப்ளெக்ஸ். மண்ணை இழந்து திசைக்கொருவராய்ப் போன ஆலங்கொல்லைக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். மாலை மாற்றி, தாலி கட்டி, காலில் விழவேண்டியவர்கள் எல்லாம் விழுந்து முடித்ததும், இனியன் மைக்கைப் பிடித்து, ஹால் நடுவே துணி மூடியிருந்த பெரிய மேசைக்கு எல்லோரையும் அழைத்தான். துணியை இழுத்தான்.

முதலில் ஒரு பெருமூச்சுதான் கேட்டது. பிறகு ஒரே கூச்சல். செங்காவி நிற மீட்டர் கேஜ் ரயில் ஊரைச் சுற்றி ஓட, ஆளாளுக்கு மேசை மேலே சாய்ந்தார்கள். "எங்க வூடு!" "தோ பாரு, எங்க மாமியா ஒக்காந்து அழுவுமே, அந்த மூல!" ராஜாங்கம் பட்டு வேட்டியில் மகனைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மணிமொழி ஒரு தூணோரம் நின்றாள். அவரைத் தவிர அவள் வேறு எதையும் பார்க்கவில்லை.

விருத்தாம்பாளின் பக்கத்து வீட்டுக்காரி சின்னம்மாள், எழுபது வயதைத் தாண்டியவள், இப்போது காடாம்புலியூரில் மகள் வீட்டில் இருக்கிறவள், பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்ந்தாள். கிழக்கோரத்தில் நின்றாள்.

"இது விருத்தாம்பா வூடாச்சே. இதுக்கு ஏன் ஓடு போடாம வுட்டீங்க?"

"அது குட்டிச்சுவர் பாட்டி. அப்பா சொன்னாரு" என்றான் இனியன்.

"எந்தக் குட்டிச்சுவரு? எழுத்துப்போட்ட ஓடு இல்ல அவ வூடு? நான் ஊர வுட்டுப் போறப்ப முழுசா இருந்துச்சே." முணுமுணுத்துக்கொண்டே சுற்றிவந்தாள். மேசையின் மறுபக்கம், கொல்லைப் புறத்தில் கண்ணாடி மறுபடி நின்றது. சின்னம்மாள் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். "அய்யோ" என்றாள். "ஓடு இங்க இல்ல இருக்குது!"

பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஆமா, அந்த வெள்ள எழுத்து." "கலெக்டர் கூரைடா!" ஒருவன் விவரம் புரியாமல் சிரித்தான். "தம்பி, கூரைய மாத்தி வெச்சிட்டீங்க போலிருக்குது" என்றான்.

இனியனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாத்தியெல்லாம் வைக்கலைங்க. ஒவ்வொரு ஓடும் போட்டோவப் பார்த்து மணியக்கா செஞ்சது. இருங்க, காட்றேன்." டிவியில் அந்தப் படத்தை நிறுத்தி, தானே பெரிதாக்கினான். சைக்கிள் டயரோடு நிற்கிற அவன் முகம் திரையை விட்டு நகர்ந்தது. பின்னால் இருந்த கூரை திரை முழுக்க விரிந்தது. சுழி, கொம்பு, புள்ளி.

ஆளாளுக்குத் திரையையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"யாரு செஞ்சது இது? யாரு அந்த மணி?" ராஜாங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

மணிமொழி தூணை விட்டு நகர்ந்தாள். "நாந்தான் மாமா. மணிமொழி. விருத்தாம்பா பொண்ணு."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அடையாளம் தெரிந்த அந்த நொடியில் அவர் முகம் போன போக்கை அவள் ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தாள்.

"அது... கேட்பாரத்துக் கெடந்த ஓடு. வீணாப் போவுதேன்னு எடுத்து வெச்சேன்" என்றார் ராஜாங்கம்.

"கொரங்கு பிரிச்சிப் போட்டுச்சு, எவனோ தூக்கிகினு போயிட்டான்னு எங்கம்மாகிட்ட சொன்னீங்களே மாமா. அந்தக் கொரங்கு ஒங்க கொட்டாயில ஏறி வரிசையா அடுக்கியும் குடுத்துச்சா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் ராஜாங்கத்தை உடைத்தது. மேசை மேலே பாய்ந்து, அந்தக் கொட்டகைக் கூரையைப் பிடுங்கினார். ஓடுகள் பிய்ந்து, சிவப்புத் துணுக்குகளாகத் தண்டவாளத்தின் மேல் விழுந்தன. ரயில் ஏறித் தடம்புரண்டு கவிழ்ந்தது. கையில் நசுங்கிய அட்டையோடு அவர் மூச்சுவாங்க நின்றார்.

சின்னம்மாள் பூதக்கண்ணாடியை மெதுவாக மேசையில் வைத்தாள். "அன்னிக்கும் இப்படித்தான் பிரிச்சியா ராஜாங்கம்?" என்று கேட்டாள். "வவுத்த அறுத்துப் போட்டுட்டு ஆஸ்பத்திரில கெடந்தாளே, அன்னிக்கும் இப்படியேதான் பிரிச்சியா?"

"இந்தச் சோறு எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் நகர்ந்தார்கள். வேன்கள் கிளம்புகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. பந்தியில் இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் இனிப்பும் வைத்து, தண்ணீரும் தெளித்தாகியிருந்தது. அத்தனை இலைகளும் அப்படியே கிடந்தன.

மணிமொழி கையைக் கழுவிக்கொண்டு வந்து நடுவரிசையில் ஓர் இலையின் முன் உட்கார்ந்தாள். பரிமாறுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "சோறு போடுங்க" என்றாள். சாம்பார், ரசம், அப்பளம் ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெரிய கூடத்தில் அவள் அப்பளம் நொறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

பாயசத்தை ராஜாங்கத்தின் மனைவி புஷ்பவல்லியே கொண்டுவந்தாள். காலையில் ஏறிய மாலையின் பூவிதழ் தோளில் ஒட்டியிருந்தது. குனிந்து ஊற்றினாள். "அப்பவே வாணாம்னு தலையால அடிச்சிக்கினேன்" என்று இலையைப் பார்த்துச் சொன்னாள். "ஆஸ்பத்திரில இருக்குறவ வூடு, பாவம் சுத்தும்னேன்."

"எங்கம்மாகிட்ட வந்து சொல்லியிருக்கலாம் அத்தை" என்றாள் மணிமொழி. "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

புஷ்பவல்லிக்குப் பின்னாலேயே ராஜாங்கம் வந்து நின்றார். துண்டு இல்லாத தோள் சரிந்திருந்தது. "இப்ப என்னா செய்யணும்ங்கிற? ஒரு மனை எழுதித் தரட்டா?"

"எங்கம்மா செத்து வருஷமாச்சு. யாரு போயி குடியிருக்க?" அவள் பாயசத்தை வழித்தாள். "சாவுற வரிக்கும் ஒங்கள வாழ்த்திகினே இருந்துச்சு அது. முடிஞ்சா அதத் திருப்பிக் குடுங்க."

அவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவள் இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

இனியன் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். கவிழ்ந்த எஞ்சின் மடியில் இருந்தது. "என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா" என்றான்.

"சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்ப?"

அவன் யோசித்தான். பொய் சொல்ல வராத பையன். "அந்த ஓட்ட மட்டும் சிவப்பா அடிக்கச் சொல்லியிருப்பேன்" என்றான்.

"அதான் சொல்லல."

"என்ன வெச்சே செஞ்சீங்க. டிவி வைக்கச் சொன்னது, கண்ணாடி கட்டச் சொன்னது எல்லாம் அதுக்குத்தானா?"

"ஆமா" என்றாள் மணிமொழி. மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கேட்டால் அது பொய்யாக இருக்கும். மறுபடி அந்த நாள் வந்தாலும் அவள் அதையேதான் செய்வாள். பேசாமல் படியிறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

ஐப்பசிக்குள் சங்கத்துக்கு வேறு தலைவர் வந்துவிட்டார். ராஜாங்கம் வடலூர் ரோட்டு டீக்கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார் என்றும், அவர் தெருவில் நடந்தால் பையன்கள் குரங்கு மாதிரி கத்துகிறார்கள் என்றும் மீரான் மைதீனின் கடைக்கு வருகிறவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் மணிமொழிக்கு உள்ளே ஏதோ இனித்தது. "போதுமேம்மா" என்று பாய் ஒருநாள் சொன்னார். "போதுமான்னு எனக்கே தெரியல பாய்" என்றாள். இனியன் லீவு முடியும் முன்பே ஜெர்மனிக்குப் போய்விட்டான் என்று தெரிந்த அன்று மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு மத்தியானம், கடை வாசலில் ஷேர் ஆட்டோவிலிருந்து சின்னம்மாள் இறங்கினாள். காடாம்புலியூரிலிருந்து தனியாக வந்திருந்தாள். இடுப்பில் ஒரு பலாக்கொட்டைப் பொட்டலம். அதை மேசையில் வைத்துவிட்டு மணிமொழிக்கு எதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"எங்க வூட்டு நெலக்கதவு ஒனக்கு ஞாபகம் இருக்குதா?"

"இல்ல ஆயா. எத்தினியோ வருஷமாச்சு."

"எம் புருசன் வாங்கிப் போட்டது. அப்புறமா வந்து எடுத்துக்கலாம்னு வுட்டுட்டு வந்தேன். அதுவும் அந்த மழையிலதான் காணாமப் போச்சு. யாரு எடுத்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். வாயத் தொறக்க தெம்பில்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ராஜாங்கமில்ல. வேறாளு. தையில அவன் பேத்திக்கிக் கண்ணாலம். எனக்கும் பத்திரிக வந்துருக்குது. நான் ஒரு சீர் வரிச எடுத்துகினு போவலாம்னு இருக்கேன். ஒரு கதவு செஞ்சு குடு. இத்தினியூண்டு போதும்."

மீரான் மைதீன் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தார்.

மணிமொழி அவரைப் பார்த்தாள். பிறகு கிழவியைப் பார்த்தாள். செய்துகொண்டிருந்த எரிமலையை ஓரமாகத் தள்ளிவிட்டு, பென்சிலை எடுத்து ஒரு வெள்ளைத் தாளை விரித்தாள்.

"ஒத்தக் கதவா, ரெட்டக் கதவா ஆயா?" என்று கேட்டாள்.